பேணிக்குள் இருந்த எழுத்துகள்

யாழ்ப்பாணத்துத் தீவில் உள்ள கரம்பொன் ஊர் இலட்சுமிப்பிள்ளையின் புருசன் பரராசசிங்கம் கொழும்பில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கராக இருந்தவர். கலியாணம் முடித்த காலம் தொட்டு தீபாவளிக்கும் சித்திரை வருசத்துக்கும் மட்டும்தான் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அவள் தனியே தோட்டம் பார்த்து, பிள்ளையில்லாத வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கடிதத்துக்குக் காத்திருந்தாள். எண்பத்துமூன்று ஆடியில் தமிழரை அடித்துக் கொழும்பு எரிந்தபோது உடுத்த உடுப்போடு கப்பலேறி வந்தவர் பிறகு திரும்பிப் போகவில்லை.

வந்தவருக்குத் தோட்டமும் தெரியாது, பனையும் தெரியாது. தெரிந்தது ஒரு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை இங்கிலிஷ் பேப்பரில் ஒரு சதுரத்துக்குள் ஒன்பது எழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துகளை மட்டும் வைத்து எத்தனை சொல் அமைக்கலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேப்பர் ஒழுங்காக வராமல் போனதும், சவர்க்காரப் பெட்டி மட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தை எழுதி, வெறும் பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டு வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளுவார். கதிரையில் இருந்து அதை மாற்றி மாற்றி அடுக்குவார். சோறு ஆறிப்போகும். இங்கிலிஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத இலட்சுமிப்பிள்ளைக்கு அந்தப் பேணியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தாறு மாசியில், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சில கிழமை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. கூப்பிட்டால் பார்ப்பார்; சில நேரம் அதுவும் இல்லை. "இனி ஆளுக்கு ஒண்டும் விளங்காது, கைப்பிள்ளை மாதிரித்தான்" என்று பக்கத்துக் கட்டில்காரர் யாரோ சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

அதன் பிறகு அவருக்கு முன்னால் எதையும் கதைக்கலாம் என்றாகிவிட்டது. ஒருநாள் வேலணையிலிருந்து தங்கச்சி ஞானசவுந்தரி வந்திருந்தாள். அவரைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டு, கை கழுவி வந்து கட்டிலடியில் இருந்த இலட்சுமிப்பிள்ளைக்கு அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது.

"முப்பது வருசமாய் இந்தாள் என்னைத் தனிய விட்டிட்டு அங்கை சீவிச்சுது. இப்ப நான் பீ அள்ளுறதுக்கெண்டு வந்து கிடக்குது. போய்ச் சேர்ந்தால் அந்தாளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"மெல்லமாய்க் கதை, அக்கா."

"ஏன்? சுவருக்குக் கேக்குமே?"

பங்குனிக் கடைசியில், வருசப் பிறப்புக்கு வீடு ஒதுக்கும்போது அந்தப் பேணி கையில் அகப்பட்டது. மட்டைகளை அடுப்புக்குள் போடலாம் என்று அவள் குசினிக்கு நடக்க, கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு அடித்தொண்டையில் கத்துவது போன்ற சத்தம். விழுந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். பயந்துபோய்ப் பேணியை அவர் பக்கத்தில் கவிழ்த்தாள். இடது கையால் கிளறிக் கிளறி, ஐந்து மட்டையை எடுத்து வரிசையாக வைத்தார். விளையாட்டு மட்டும் மறக்கவில்லையாக்கும் என்று நினைத்து அவள் அள்ளிப் போட்டுவிட்டாள். அடுத்த நாளும் கொடுத்துப் பார்த்தாள். திரும்பவும் ஐந்து மட்டை. முதலாவது கூரை மாதிரி, கடைசிக்கு முன்னது கவிழ்த்து வைத்த கூரை மாதிரி. அதே ஐந்து, அதே வரிசை.

இது விளையாட்டில்லை என்று அவளுக்குப் பட்டது. வேலிக்கு அங்கால் இருந்த மேரிஜோசப்பின் ரீச்சரைக் கூட்டிவந்தாள். குனிந்து பார்த்த ரீச்சர் நிமிராமலே நின்றார்.

"என்ன ரீச்சர் எழுதிக் கிடக்கு?"

"அலைவ்." ரீச்சரின் குரல் இறங்கியிருந்தது. "உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுறார், அக்கா."

இலட்சுமிப்பிள்ளை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ரீச்சர் அவருடைய காதடிக்குப் போய், "அண்ணை, நாங்கள் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார்.

அவர் வரிசையில் முதல் இரண்டு எழுத்தை விட்டு மற்ற மூன்றையும் விரலால் ஒதுக்கினார். குவியலுக்குள் தேடி, இரண்டாவது எழுத்தைப் போலவே இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஓல்" என்று வாசித்தார் ரீச்சர். "எல்லாம்."

இலட்சுமிப்பிள்ளை வெளியே போய்க் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். எல்லாம் என்றால் எல்லாம்தான். போய்ச் சேர்ந்தால் நல்லது என்றதும், சுவர் என்றதும். கேட்டுக்கொண்டு, வாய் திறக்க ஏலாமல், அந்த மனிசன் அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. ரீச்சர்தான் அவருக்குப் பால் பருக்கினார்.

பின்னேரம் உள்ளே வந்து, அவர் முகத்தைப் பாராமல் கேட்டாள். "இஞ்சாருங்கோ, அண்டைக்கு நான் தங்கச்சிக்குச் சொன்னதும் கேட்டதோ?"

அவர் நான்கு மட்டையை வைத்தார்.

"உண்மை எண்டு எழுதியிருக்கிறார்" என்றார் ரீச்சர்.

"எது உண்மை? நீங்கள் போய்ச் சேர்ந்தால் நல்லது எண்டதோ? என்னைத் தனிய விட்டிட்டு இருந்தனீங்கள் எண்டதோ?"

அவர் இடது கையின் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாவது. முப்பது வருசக் கடிதங்களில் ஒன்றில்கூட அவர் ஒத்துக்கொள்ளாத விசயம் அது.

தமிழ் எழுத்தையும் மட்டையில் எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். அவர் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஒரு மொழி போய் இன்னொன்று நிற்பது சிலருக்கு நடக்கும் என்றார் டொக்டர். வேறு வழியில்லாமல் அவள் ரீச்சரிடம் இங்கிலிஷ் எழுத்துப் பழகத் தொடங்கினாள். தண்ணி, வெக்கை, முதுகு கடிக்குது. இங்கிலிஷில் அவர் வைத்த இப்படியான சொற்களை மெல்ல மெல்லத் தானே வாசித்தாள். பின்னேரங்களில் ஒரு பிடி அள்ளி அவருக்கு முன்னால் போடுவாள். ஒருநாள் ஐந்து எழுத்தில் அவர் நாலைந்து சொல் அமைத்து முடித்த பிறகு, அவள் அதில் நான்கைப் பிடுங்கி வேறு மாதிரி வைத்தாள்.

"சீற். பஸ்ஸில இருக்கிற சீற். இதை விட்டிட்டியள்."

அவர் மட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒருபக்கம் கோணிய வாய் சிரித்தது.

பிறகு வாயில் தமிழும் கொஞ்சம் வந்தது. ஓம், வேண்டாம், கஞ்சி. தொண்ணூறு சித்திரையில் மூளை நரம்பு இரண்டாம் தரம் அடைத்தபோது, காலையில் கஞ்சி கேட்டுவிட்டு, அவள் கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டார். ஆவணியில் ஆமி தீவில் இறங்க, ஊரே சாமான் சட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. அவளும் ஓடினாள். வழியில் செத்துக் கிடந்தவர்களை மூடிவிடக்கூட ஆளில்லை. அதைக் கண்டவள் என்பதால், புருசனைப் பற்றி யார் விசாரித்தாலும் அவள் ஒன்றைத்தான் சொல்வாள்: "அவர் வீட்டில, கட்டிலில செத்தவர்."