முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளை

தையல்கூடத்தில் ஒவ்வொரு சட்டைக் காலரையும் தைத்து முடித்ததும் அவள் முழங்கையை மடக்கி மார்போடு ஒரு தரம் அழுத்திப் பார்ப்பாள். வியர்வை துடைப்பதுபோல்தான் இருக்கும். பால் கசிந்து துணி நனைந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்பது பக்கத்து மெஷின்காரிக்கு மட்டும் தெரியும்.

சாப்பாட்டு இடைவேளையில் பொத்தான் அறைக்குள் போய்ப் பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் எடுப்பாள். மெஷின்காரி கதவில் சாய்ந்து காவல் நிற்பாள்.

“உள்ள பால் பண்ணை ஓடுது, அப்புறமா வாங்க” என்று சூப்பர்வைசரையே திருப்பி அனுப்பினாள். வழக்கமாக உள்ளிருந்து வரும் சிரிப்பு அன்று வரவில்லை.

“என்னடி, சத்தத்தையே காணோம்?”

“ஒரு வாரமா சாயங்காலம் பால் குடுக்க எடுத்தா பிள்ளை முகத்தைத் திருப்பிக்கிறான்க்கா. என்னை மறந்துட்டானோ என்னவோ.”

“நாலு மாசப் பிள்ளை. மறக்கறதுக்கு அவனுக்கு என்னடி தெரியும்?”

இவளுக்கு மனம் ஆறவில்லை. பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல் நின்றபடியே போனாள். மார்பு கல்லாய்க் கனத்தது. வாசலிலேயே நாத்தனார் பிள்ளையை நீட்டினாள்.

“அழவே இல்ல அண்ணி. நீங்க கொஞ்சம் படுங்க.”

பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மார்பில் வைத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். மறுபடியும் திருப்பினான்.

“இனிமே டப்பாப் பாலே குடிக்கட்டும்” என்றாள்.

தையல்கூடம் சீக்கிரம் விட்ட ஒரு நாளில்தான் விஷயம் தெரிந்தது. அண்ணி களைத்து வருவாள், வந்ததும் சற்றுக் காலை நீட்டட்டும் என்று, அவள் வரும் நேரம் பார்த்து, பாட்டிலில் எடுத்துவைத்த பாலையெல்லாம் நாத்தனார் தினமும் அவனுக்கு வயிறுமுட்டப் புகட்டிக்கொண்டிருந்தாள்.