வாயில் வராத விதை

எங்கள் மலையூரான அட்பாஷியில் ஆடு வளர்க்கத் தெரியாதவனும் இல்லை, கேரட் வளர்க்கத் தெரிந்தவனும் இல்லை. அந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போடுகிறேன் என்று கிளம்பினாள் ஐசாதா. அந்தத் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியுமா? மாமனார் மட்டும் மெச்சவில்லை.

"புல்லு திங்க நாம என்ன ஆடா? அந்த இடம் கன்னுக்குட்டிங்களுக்கு வேணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சரியென்று சொல்லாமல் அங்கே மண்வெட்டி இறங்காது.

ஆனாலும் அவள் விதை தேர்வு செய்வதை நிறுத்தவில்லை. விதைக்கடையிலிருந்து போனில் வந்த படங்களில் தக்காளி பளபளத்தது. கணவன் தாலய் அதுதான் வேண்டுமென்று நச்சரித்தான். ஐசாதா அசைந்து கொடுக்கவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் உறைபனி விழும் ஊரில் தக்காளி பழுப்பதாவது! சட்டென்று விளையும் முள்ளங்கி, குளிர் தாங்கும் கேரட், முட்டைக்கோஸ் என்று கணக்காகத் தேர்ந்தெடுத்தாள். கெட்டிக்காரி.

டோக்மோக் நகரத்து விதைக்கடைக்காரி சாலிஹாவுக்குப் போன் போட்டாள். அங்கிருந்து அன்றைக்கு எங்கள் ஊருக்குக் கிளம்பும் வண்டியை விட்டால் இந்த வருஷம் தோட்டம் இல்லை. எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னவள் கடைசியில் திக்கினாள். மிச்சமிருந்தது விதைப்பூண்டு. எங்கள் பேச்சில் பூண்டுக்குச் சரிம்சாக் என்று பெயர். அவள் மாமனாருக்கும் அதே பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதா? அதுவும் அவர் அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது!

"அதாங்க்கா, வெள்ளையா இருக்குமே..."

"முள்ளங்கியா? அதுதான் எழுதிட்டேனே."

"இல்லக்கா, பல்லு பல்லா இருக்கும்."

"மக்காச்சோளமா?"

"ஐயோ, தின்னா வாய் நாறும்க்கா!"

"வெங்காயம்!"

"அதோட தம்பி!"

"ஏம்மா, விடுகதை போடவா போன் பண்ணே? பேரைச் சொல்லு, இல்லேன்னா வை. வண்டிக்காரன் கத்துறான்."

ஐசாதாவுக்கு அழுகை முட்டியது. பூண்டு போனால் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவர் எழுந்து வந்து போனைப் பிடுங்கினார்.

"சரிம்சாக்!" என்று அதட்டினார்.

"வணக்கம் பெரியவரே. உங்க பேரைக் கேக்கலை, சாமான் பேரைக் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா! ஆனா வாய் நாறுறது அது, நான் இல்லை."

மறுமுனையில் சாலிஹா விழுந்து விழுந்து சிரித்தாள். "எவ்வளவு போடட்டும்?"

பெரியவர் மருமகளைப் பார்த்தார். குனிந்த தலை நிமிராமல் அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு கிலோ போடு" என்றார் அவர். "இடம் நிறைய கிடக்கு. கன்னுக்குட்டிங்க வேற எங்கயாவது நிக்கட்டும்."