ஜெஸீமா ராத்தாவுக்குச் சமைத்த காளான்

ஜெஸீமா டீச்சர் மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி, பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னர் எங்கள் பாடசாலை வட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒவ்வொருவராக இன்னா லில்லாஹி எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு விரல் ஓடவில்லை. எதிர்பார்த்த மவுத்துதான், வயிற்றில் புற்றுநோய், ஏழு மாதமாகப் படுக்கை. அதற்குத் துக்கம் மட்டும் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் கணிதம் படித்தவர்கள் கல்முனையிலிருந்து பாலமுனை வரை இருக்கிறீர்கள். "விட எனக்கும் தெரியும், அது எப்பிடி வந்தெண்டு எழுது" என்று கொப்பியைத் திருப்பித் தருவாரே, மறந்திருக்க மாட்டீர்கள். பார்த்து எழுதியவனைக்கூட மன்னிப்பார். பார்க்கவில்லை என்று மழுப்புகிறவனை மன்னிக்க மாட்டார்.

நான் ஆசிரியையாக அங்கே மாற்றலாகி வந்த முதல் மாதம், ஆசிரியர் அறையில் பகல் சாப்பாட்டின்போது, ஒரு துண்டுப் பாரைமீன் பொரியலை அவருடைய சோற்றில் வைத்துவிட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, "வெக்கப்படாதீங்க ராத்தா" என்று வேறு வற்புறுத்தினேன். மூத்த சகோதரியைப் போல எல்லோருமே அவரை ராத்தா என்றுதான் அழைத்தார்கள். அவர் கோபிக்கவில்லை. துண்டை எடுத்து என் பெட்டியில் வைத்தார்.

"சுனாமில மூத்தவன அடக்கின நான். சின்னவ கிடைக்கவே இல்ல. அவள என்ன திண்டிச்செண்டு எனக்குத் தெரியா புள்ள. நான் எப்பிடி மீன் திங்கிற?"

அன்று மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் ஊரில் எவரும் மீன் வாங்கவில்லை. பிறகு எல்லோரும் வாங்கினோம். அவர் வாங்கவில்லை.

அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் காளான்தான் இருக்கும். அதைக் கையால் கிழித்து, எண்ணெய் விடாமல் வெறும் தாச்சிச் சட்டியில் போடுவார். "தண்ணியெல்லாம் வத்தட்டும், அவசரப்படாத" என்பார். வற்றிய பிறகுதான் தேங்காயெண்ணெய், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, இடித்த மிளகாய், உப்பு. இறக்கி வைத்துத் தேசிக்காய் பிழிவார். அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் பார்க்கப் போனபோது, அவருக்குக் கஞ்சிகூட இறங்காத நிலை. "காளான் சுண்டித் தா புள்ள. வாய்க்கு உறைப்பாத் திங்கணும் போல இரிக்கி" என்றார். வீட்டுக்கு ஓடி வந்து சமைத்தேன். அவர் சொன்னபடியே பொறுமையாக வற்றவிட்டேன். கடைசியில் என் பாழாய்ப்போன கை போத்தலைத் திறந்து ஒரு சிட்டிகை மாசித்தூளைத் தூவிவிட்டது. மாசி என்றால் காயவைத்த சூரைமீன். ஆனால் எங்கள் குசினிகளில் அதை யார் மீன் என்று நினைக்கிறார்கள்? சம்பலுக்கும் சுண்டலுக்கும் உப்போடு உப்பாக விழுவதுதான் அது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது வாய் சாப்பிடும்போது அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"புள்ள, மாசி போட்ட நீயா?"

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

"இல்ல ராத்தா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "அப்ப சரி" என்று சொல்லி, பீங்கானில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார்.

அதன் பின்னும் பல தடவை போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். காளான் சமைத்து வரவா என்று கேட்டால், "வேணாம் புள்ள" என்பார். என்னை நம்பிச் சாப்பிட்டாரா, தெரிந்துகொண்டே என் மனம் நோகக் கூடாதென்று விழுங்கினாரா, எனக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேலாக அவர் தன் பிள்ளைக்காகக் காத்து வந்ததை நான் கெடுத்தேன். மறதியில் கெடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதை மறைத்த என்னை என்னால் பொறுக்க முடியவில்லை.

மாலை அஸர் தொழுகைக்கு முன் ஜனாஸாவைத் தூக்கும்போது, எங்கள் வழக்கப்படி அவருடைய தம்பி வாசலில் நின்று கேட்டார்: "என்ட ராத்தா ஆருக்கும் பிழ செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." பெண்கள் எல்லோரும் "மன்னிச்சிட்டம்" என்றார்கள். நானும் சொன்னேன். அவர் எனக்கு ஒரு பிழையும் செய்ததில்லை. நான் செய்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க அந்த வாசலில் ஒரு வழக்கமும் இல்லை. அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி மட்டும்தான். அவரிடம் சொல்லாத பதிலை, அவரை அறிந்த உங்கள் முன்னால் எழுதுகிறேன்.

ஓம் ராத்தா, போட்ட நான்.