கொப்புளிப்பான் வந்த வீட்டில் நான் கேட்ட வரம்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, என் அண்ணாவின் நெற்றியில் மூன்று கொப்புளங்களைக் கண்டேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை என் வயிற்றில் கரு தங்கவில்லை. அம்பாளின் அடியார்களே, அந்தக் காலையில் எனக்கு வந்த நடுக்கத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மெண்டில் நானும் கணவரும் அண்ணாவும் இருந்தோம். எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அண்ணாதான். வயது முப்பத்தாறு. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. அங்கே இரண்டு பேருக்கு ஏற்கெனவே கொப்புளிப்பான், அதுதான் சின்னம்மை, வந்திருந்ததாம்.

அவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கிட்ட வராதை பிள்ளை. உனக்குச் சின்னனிலை இது வந்ததே?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைபேசி ஏது? கீழ்மாடியில் இருந்த அன்ரிக்கு போன் எடுத்தேன்.

"அம்மாள் வந்த வீடு. வேப்பிலை வையுங்கோ. மருந்து, டாக்டர் எண்டு ஓடாதேங்கோ, அவ கோவிப்பா" என்றார் அவர்.

நான் அதைக் கேட்டு நடக்கத்தான் இருந்தேன். அண்ணா விடவில்லை.

"எனக்கு வந்தது அம்மாள் எண்டா இருக்கட்டும். உனக்கு வாறதுக்கு முதல் ஒருக்கா கேட்டுப் பாக்கிறதிலை என்ன குற்றம்?"

டாக்டரின் கிளினிக்குக்கு அவரே போன் எடுத்தார். அவருடைய ஆங்கிலம் சமையற்கூடத்து ஆங்கிலம். "மை சிஸ்டர். பேபி. சிக்ஸ் மந்த்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னைப் பற்றிக் கடைசியாகத்தான் சொன்னார். மறுமுனையில் இருந்த தாதி பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார். நான் மற்ற நோயாளிகளோடு போய் உட்காரக் கூடாது, எல்லோரும் போனபின் பின்கதவால் வர வேண்டும். அண்ணாவுக்கு மருந்து எழுதித் தருவார்கள். மூச்சு முட்டினால் அவர் உடனே எமேர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

அன்று மத்தியானமே அண்ணா ஒரு பையோடு தன் சிநேகிதனின் பேஸ்மண்டுக்குப் போய்விட்டார். அந்தச் சிநேகிதனுக்கும் என் கணவருக்கும் சின்ன வயதிலேயே அது வந்து போயிருந்தது.

எனக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வந்ததே இல்லை என்றது முடிவு. தொற்று பட்ட சில நாட்களுக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று இருந்தது. புதன்கிழமை போட்டார்கள். போட்டாலும் இருபத்தெட்டு நாள் பார்க்க வேண்டும், அதுவரை ஆட்களோடு கலக்கக் கூடாது என்றார் டாக்டர்.

கோவிலுக்குப் போக முடியவில்லை. கலண்டரில் இருந்த அம்மன் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். "தாயே, இந்தப் பிள்ளையை மட்டும் தா." காலையும் அதுதான், மாலையும் அதுதான். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அண்ணா பின்னேரத்தில் போன் எடுப்பார். "உடம்பிலை ஒண்டும் போடேல்லைத்தானே?" என்பார். வியாழக்கிழமை பேசும்போது இருமினார். கேட்டதற்கு, "சிகரெட்டாலை" என்று சிரித்தார். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை காலை கஞ்சி கொண்டுபோன என் கணவர், அண்ணா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து இருந்ததைக் கண்டார். உதடு நீலமாக இருந்ததாம். ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கிருமி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது.

என்னை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். தொண்டைக்குள் குழாய் வைப்பதற்கு முன், கணவர் அங்கிருந்து போன் எடுத்து அண்ணாவின் காதில் வைத்தார்.

"பிள்ளை... வந்ததே?"

"இல்லை அண்ணா. ஒண்டும் வரேல்லை."

"அது காணும். எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. எட்டு நாள் அவருக்காகவும் கெஞ்சினேன். ஒன்பதாம் நாள் போய்விட்டார். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. இருபத்தெட்டு நாள் முடியவில்லை. அண்ணாவைக் கொண்டுபோன நேரத்தில், இங்கே பூட்டிய வீட்டில் தனியே இருந்தேன். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

என் உடம்பில் ஒரு கொப்புளமும் போடவில்லை. வைகாசியில் மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை.

கேட்டது கிடைத்தது. ஆனால் மாதக்கணக்கில் என்னால் விளக்கேற்ற முடியவில்லை. ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கணவரிடம் உடைந்துபோனேன்.

"இஞ்சரப்பா, முதல் நாலைஞ்சு நாளும் நான் அண்ணாவுக்கெண்டு ஒண்டுமே கேக்கேல்லை."

அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மச்சானும் தனக்குக் கேக்கேல்லையப்பா. கஞ்சி குடுக்கப் போன ஒரு நாள் பாத்தன், பாயிலை இருந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த நோய் வருத்தம் மாறவேணுமெண்டோ எண்டு கேட்டன். 'எனக்கென்ன, இது தங்கச்சிக்கு' எண்டான்."

இரண்டு பேரும் ஒரே வரத்தைக் கேட்டிருக்கிறோம். அம்பாள் அதைத் தந்தாள். இது ஆறுதலா என்று கேட்டால், பாதிதான். மற்றப் பாதி ஆறாது. ஆனால் அந்த போன், அந்தத் தாதியின் பொறுமை, நேரத்துக்குக் கிடைத்த ஊசி, எல்லாவற்றிலும் அம்பாள் இருந்தாள் என்று நான் நம்புகிறேன். அவள் கோவிக்கவில்லை. மருந்துக்குப் போனவளைக் கைவிடவும் இல்லை.

இப்போது வேலையில்லாத நாட்களில், ஆங்கிலம் வராத கர்ப்பிணிப் பெண்களோடு கிளினிக்குக்குப் போய் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். வீட்டில் யாருக்காவது நோய், வருத்தம் என்றால், படுத்திருப்பவரையும் போனுக்கு எடுத்து, "மூச்சு எப்பிடி இருக்கு? ஒளிக்காமல் சொல்லுங்கோ" என்று கேட்கிறேன்.

அடியார்களே, தொற்று வந்தால் வெட்கப்படாதீர்கள், மறைக்காதீர்கள். டாக்டருக்கு முதலில் போன் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு அவள் முன்னால் இருங்கள். தைரியமாகக் கேளுங்கள், அவள் கேட்பாள். கேட்கும்போது மட்டும் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் சொல்லுங்கள். சிரித்துப் பேசுகிறவருடைய பெயரையும் விட்டுவிடாதீர்கள்.