பளபளத்த இரண்டு கம்பிகள்

என்னிடம் ஒரு பழைய சாப்பாட்டு டப்பா இருக்கிறது. அதன் மேல்தட்டில், துணியில் சுற்றிய இரண்டு பித்தளைக் கம்பிகள். ஒரு விரல் நீளம், கோணி ஊசியை விடச் சன்னம். எடுத்துப் பார்த்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். ஆனாலும் எடுத்துப் பார்ப்பேன்.

அறுபதுகளில் தாராவியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மாட்டுங்காவில் ஒரு கராஜில் மெக்கானிக். அங்கே ஒரு பழைய அமெரிக்கக் கார் கார்பரேட்டர் கெட்டு வந்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டால் அவரை மேஸ்திரி ஆக்குவதாக கராஜ் முதலாளி சேட் சொல்லியிருந்தார். பம்பாய் முழுக்கத் தேடினாலும் அந்த வண்டிக்குச் சாமான் கிடைக்காது. பழசையே மாட்டியாக வேண்டும். இந்தக் கம்பிகள் அந்தக் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளைக்குள் ஏறி இறங்குபவை. கம்பி தடித்திருந்தால் பெட்ரோல் குறையும், மெலிந்தால் கூடும். அவற்றைத் தாங்கும் தகட்டை மயிரிழை மயிரிழையாக வளைத்து உயரத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். கராஜில் வைத்தால் தொலைந்துவிடும் என்று, ஒரு சனிக்கிழமை இந்த டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. மறுநாள் ஆராதனை முடிந்து அவர் கோயிலிலேயே நின்றுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவைத் திறந்தால் கறுத்த கம்பிகள். அவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவற்றையும் அழுத்தித் தேய்த்தேன். தங்கமாக மின்னின. வந்தவரிடம் பெருமையாக நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, நல்லாத்தான் தேச்சிருக்க" என்றார்.

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வயிறு சரியில்லை என்றார், நம்பினேன்.

மேஸ்திரி வேலை வேறொருவருக்குப் போனது. ஏன் என்று கேட்டால், "நமக்கு அது சரிப்படாது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களோடு சேர்ந்தவர்களெல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள், உங்களுக்குத்தான் சாமர்த்தியம் இல்லை என்று எத்தனை வருடம் குத்திக் காட்டினேன்! அவர் சிரித்துக்கொண்டே கைகளை மண்ணெண்ணெயில் கழுவுவார்.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அவரோடு வேலை பார்த்த பாய் வந்து இந்த டப்பாவைக் கொடுத்தார். கராஜில் என் வீட்டுக்காரருடைய பெட்டியில் கிடந்ததாம். நான் கம்பிகளை அடையாளம் கண்டு, அன்று தேய்த்துக் கொடுத்ததைச் சொன்னேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்து நாள் அந்தத் தகட்ட வளச்சு வளச்சுப் பாத்தாரும்மா. கம்பி தேஞ்சு போச்சே, என்ன செய்ய? வண்டிய தேவ்நார் வரைக்கும் ஓட்டுனா ஒரே கரும்புகை. சேட் கேட்டப்ப, 'நாந்தான் எமரித் தாள் போட்டுத் தேச்சுட்டேன்'னு சொல்லிட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அன்றைக்கே அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் பேசாமல் இருந்த இடத்தையெல்லாம் என் பேச்சால் அல்லவா நிரப்பினேன்? இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கம்பிகள் மறுபடி கறுத்துவிட்டன. போன வாரம் மருமகள் அவற்றைப் பார்த்துவிட்டு, "அத்தை, பவுடர் போட்டுத் தேச்சுத் தரட்டா? புதுசு மாதிரி ஆயிடும்" என்றாள். நல்ல பெண், உதவியாகத்தான் கேட்டாள்.

"வேண்டாம்மா, நான் ஒருவாட்டி தேச்சதே போதும்" என்று வாங்கி டப்பாவில் வைத்து மூடினேன்.