கட்டிங் மெஷின் முன்னால் நாகஜோதி

வேலை தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றுதான். அதுவும் நான் செய்த தப்பிலிருந்து வந்தது. நாகஜோதி அக்காவின் கதையைச் சொன்னால்தான் அது புரியும்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. நாரணாபுரத்தில் எங்களுக்கு எதிர்வீடு. எட்டாவது வரை படித்தவர். பத்தொன்பது வருஷம் பட்டாசு ஆலையில் டப்பா அடைக்கும் வேலை பார்த்தார். போன சித்திரையில் பக்கத்து அறை வெடித்தது. புகைக்குள் கிடந்த, கூட வேலை பார்த்த சுப்புத்தாயை வெளியே இழுத்து வந்தது அக்காதான். சுப்புத்தாய் பிழைத்துக்கொண்டார். அக்காவுக்கு இடது கை வெந்தது. கை ஆறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் எங்கேயாவது தகரக் கதவு அறைந்து சாத்தினால் போதும், செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிடுவார்.

அந்த ஆலைக்கு சீல் வைத்துவிட்டார்கள். ஆவணியில் தீபாவளி ஆர்டர் நெருக்கியபோது, அவருடைய வீட்டுக்காரர் அழகுராஜா, விஸ்வநத்தத்தில் வேறொரு பட்டாசு ஆலையின் ஃபோர்மேனிடம் பேசி முடித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காலையில் வேன் வரும். அக்கா அதில் ஏற வேண்டும்.

“ஊருல அம்புட்டுப் பேரும் போகலயா? ஒனக்கு மட்டும் தனி உசுரா?” என்று அவர் சத்தம் போட்டது எங்கள் வீடு வரை கேட்டது.

“சனிக்கிழமைக்குள்ள வேற வேல பாத்துட்டேன்னா என்ன விட்டுரணும்.”

“பாரு, பாரு. கலெக்டர் வேல காலியாக் கெடக்காம்.”

இந்தச் சண்டை நடந்தது அதற்கு முந்தின திங்கட்கிழமை. அடுத்த இரண்டு நாளில் அக்கா மூன்று அச்சகங்களுக்குப் போனார். எங்கேயும் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. சமையலை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குப் போனால் அப்படித்தான். அந்த நேரத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோர்மேன் வெளியே வரமாட்டார். “நம்பரக் குடுத்துட்டுப் போங்க” என்பார்கள். போன் வராது. வியாழக்கிழமை எட்டு மணிக்கு முன்னாலேயே, ஒரு காலண்டர் அச்சகத்தில் ஷட்டர் திறக்கும்போது போய் நின்றார். அன்றுதான் ஃபோர்மேன் ஒருவர் நின்று பேசினார். அவர் பெயர் ஜெயச்சந்திரன்.

“கட்டிங் மெஷினுக்கு ஆள் வேணும். அனுபவம் இருந்தா நாளைக்கு பயோடேட்டாவோட வாங்க.”

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அக்காவின் பயோடேட்டாவை நானே டைப் செய்தேன். அனுபவம் என்ற இடத்தில் “கட்டிங் மெஷின், இரண்டு வருடம்” என்று போட்டேன்.

அக்கா வாசித்துப் பார்த்தார். “ஏ புள்ள, இது பொய்யில்ல?”

“எல்லாரும் இப்படித்தான் போடுவாகக்கா. உள்ள போயிட்டாப் பழகிக்கிரலாம்.”

அக்காவுக்கு இருந்தது இன்னும் இரண்டே நாள். தாளை மடித்து வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். எனக்கும் பேக்கிங்கில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். ஜெயச்சந்திரன் பயோடேட்டாவைப் பார்த்தார். நேராகக் கட்டிங் மெஷினுக்குக் கூட்டிப்போனார். அது பழைய மெஷின். காலால் மிதித்தால் ஒரு இரும்புப் பட்டை இறங்கித் தாள்கட்டை அமுக்கும். அதன் பின்னாலேயே கத்தி இறங்கும். தாள்கட்டு ஒன்றை மேசையில் வைத்தார்.

“ரெண்டு வருசம் பாத்திருக்கீகள்ல? இத வெட்டிக் காட்டுங்க.”

அக்கா முன்னால் போய் நின்றார். தாளைத் தட்டி நேராக்கினார். இரண்டு கையும் கத்திக்கு நேர் கீழே இருந்தன. மிதியைத் தேடி அவர் கால் நகர்ந்தது.

சட்டென்று அக்கா கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

“அண்ணாச்சி, இந்த மெஷின நான் இன்னைக்குத்தான் பாக்கேன். தாள்ல போட்டிருக்கது பொய்.”

“நான்தான் சார் எழுதுனேன்,” என்றேன்.

ஜெயச்சந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. “என்ன எழவுக்கு எழுதுன? போன வருசம் ஒருத்தன் இப்படித்தான் தெரியும் தெரியும்னு வந்து நின்னான். இப்ப அவனுக்கு ரெண்டு விரலு இல்ல. கெளம்புங்க ரெண்டு பேரும்.”

நான் வாசல் பக்கம் திரும்பினேன். அக்கா அசையவில்லை.

“எனக்குத் தெரிஞ்சத ஒருக்கா கேட்டுட்டு அனுப்புங்க அண்ணாச்சி.”

“என்ன தெரியும்?”

“பத்தொம்பது வருசம் பட்டாசு டப்பா அடைச்சிருக்கேன். ஒரு டப்பாவுக்குப் பத்துன்னா எண்ண மாட்டேன், கையில அள்ளுனாப் பத்து இருக்கும். தேதி, நம்பரு எல்லாம் வாசிப்பேன். சொன்னது புரியலன்னாத் தொட மாட்டேன், கேப்பேன்.”

அவர் மேசையிலிருந்த தாள்களைக் காட்டினார். “எண்ணாம இருபத்தஞ்சு எடுங்க.”

அக்கா எடுத்தார். ஜெயச்சந்திரன் எண்ணினார். இருபத்தொன்பது.

“பட்டாசுக் கை,” என்று பக்கத்தில் ஒரு பெண் சிரித்தார்.

“தாளு கைக்குப் புதுசு,” என்றார் அக்கா. “சாயங்காலம் வரைக்கும் விடுங்க. சரியா வரலன்னா நானே போயிருதேன்.”

ஜெயச்சந்திரன் தினசரி காலண்டர் அடுக்குகிற பெஞ்சைக் கைகாட்டினார். தேதித் தாள் எதுவும் விட்டுப்போகாமல் வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். நான் கேட் வெளியே உட்கார்ந்திருந்தேன். மதியம் அக்கா சாப்பிட வரவில்லை. விரட்டிவிட்டிருந்தால் வெளியே வந்திருப்பாரே, ஏன் வரவில்லை என்று குழம்பினேன். ஐந்தரைக்கு வந்தார்.

“ஒரு கட்டுல பிப்ரவரி பதினாலு இல்ல. நான்தான் கண்டுபிடிச்சேன். நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லிட்டாரு. மார்கழி வரைக்குந்தான் வேலையாம்.”

வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கி, விஸ்வநத்தம் ஃபோர்மேனுக்கு அவரே பேசினார். அழகுராஜா அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாகஜோதி பேசுதேன். காலண்டர் அடுக்குற வேல கெடச்சிருச்சு. திங்கக்கெழம என்ன எதிர்பாக்காதீக.”

“காலண்டர் வேலயா? சீசன் முடிஞ்சா இங்கனதான வரணும்!” என்று அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கும் கேட்டது.

“சீசன் முடிய நாலு மாசம் இருக்குல்ல அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

“என் பேச்சுக்கு என்ன மருவாதி?” என்று கேட்டுவிட்டு அழகுராஜா அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. என்னிடம் பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். எடுத்து வந்து தாள்களைக் கிழித்து அடுக்கிக் கொடுத்தேன். எண்ணாமல் இருபத்தைந்து எடுத்தார்.

நான் எண்ணினேன். இருபத்தேழு.

மறுபடியும் அடுக்கச் சொன்னார்.