பிலோ வீட்டு வாசல் வரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய என்னை, எங்கள் தெருமுனையிலேயே ஒரு பையன் மறித்துவிட்டான். மஞ்சள் பனியன், கழுத்தில் அட்டை. ரோடு முழுக்கத் தடுப்பு வைத்து, ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் காது கிழியப் பாட்டு. "சுத்திப் போங்க ஆன்ட்டி, பர்மிஷன் இருக்கு" என்றான். பர்மிஷனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பிறந்ததிலிருந்து நடக்கிற தெரு. கையில் வஞ்சிரம், தலைக்கு மேலே வெயில், சுற்றிக்கொண்டுதான் போனேன். பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சொன்ன 'பர்மிஷன்' என்ற அந்த ஒரு வார்த்தைமேல்தான்.

சுற்றிப் போன வழியில் ஒரு பஞ்சர் கடை. டியூபில் தடவுகிற சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதும், மீன் கெட்டுவிடுமே என்பதையும் மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உங்களுக்கு அது வெறும் கோந்து வாசனை. எனக்கு அது பொங்கல் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட சின்னத் தெரு எங்களுடையது. பாதி வீடுகளில் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு டீச்சராவது இருப்பார். மீதி வீடுகளில் மற்ற எல்லாரும். முனையில் திருநெல்வேலி அண்ணாச்சியின் மளிகைக் கடை. பொங்கலன்று சாயங்காலம் எல்லா வீடும் தெருவுக்கு வந்துவிடும். சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஸ்பூன் எல்லாம் முடிந்து கடைசியாக ஸ்லோ சைக்கிள் ரேஸ். கடைசியில் வந்து சேர்கிறவருக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். ஆளுக்கொரு வாடகை சைக்கிளை எடுத்து வந்து, பஞ்சர் ஒட்டி, செயினுக்கு எண்ணெய் விடுவோம். தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை நான் செயினுக்கு ஊற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அனுமதி வாங்குவது அன்றைக்கும் உண்டு. முதல் நாள் மாலை ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, நாளைக்கு நாலு மணிக்கு மேல் வண்டி எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். தெருவில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒரு டாக்டர். அவர் அன்றைக்கு நடந்தே கிளினிக்குக்குப் போவார். ஒரு வருஷம் புதிதாக வந்த ஏட்டையா தன் சைக்கிளை நிறுத்தி, இதை யார் நடத்துகிறார்கள் என்று அதட்டினார். அண்ணாச்சி பொட்டலம் மடிப்பதை நிறுத்தாமலே, "தெருதான் சார் நடத்துது" என்றார். ஏட்டையா கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்ணாச்சி கடை ஸ்டூலில் உட்கார்ந்து, யார் காலை ஊன்றுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அவர்தான் எங்களுக்கு நடுவர்.

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பெண்பிள்ளை தெருவில் சைக்கிள் விட்டால் நாலு வீட்டிலிருந்து ஏச்சு வரும். அன்று ஒரு நாள் மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நினைத்தால் அதற்கும் கோபம் வருகிறது. இருக்கட்டும், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ரேஸில் ஜெயிப்பது எப்போதும் எதிர்வீட்டு பிலோமினா. பாவாடையைத் துணிக் கிளிப்பால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். நாங்கள் படாத பாடெல்லாம் பட்டு மெதுவாக ஓட்டுவோம்; அவள் ஓட்டவே மாட்டாள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, பிரேக்கைப் பிடித்து, அப்படியே நின்றுவிடுவாள். எல்லைக்கோடு அவள் வீட்டு கேட்டுக்கு நேரே. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், எல்லாரும் விழுந்து முடித்த பிறகும், தனியாக நின்றுகொண்டிருப்பாள். தெருவே மூச்சை அடக்கும். அவள் காலை ஊன்றி நான் பார்த்ததேயில்லை.

பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாயின. புதிதாக வந்த யாரோ, தெருவை மறிக்கிறார்கள் என்று போலீசுக்குப் போன் போட்டார்கள். ரேஸ் அன்றோடு நின்றது. பிலோ வீடு மட்டும் பழைய கேட்டோடு தப்பித்திருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்கழியில், அண்ணன் தம்பிகள் பாகம் கேட்டதால், அதுவும் பில்டர் கைக்குப் போனது. பொங்கல் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். பிலோ என் சமையலறைக்கு வந்து, "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ ரேஸ் விடணும்டி. பர்மிஷன் வாங்கியே நடத்துவோம். யாரும் வாய் பேச முடியாதுல்ல?" என்றாள். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் காம்பவுண்டுக்குள்ளேயே பழக ஆரம்பித்துவிட்டாள்.

அலைந்தேன். வார்டு ஆபீஸில் மேலே போகச் சொன்னார்கள். மேலே, போலீஸ் தடையில்லாச் சான்று முதலில் வேண்டும் என்றார்கள். போலீஸில், அவர்கள் கொடுத்த பிறகுதான் நாங்கள் கொடுப்போம் என்றார்கள். எங்கள் ரேஸில் இவர்களைச் சேர்த்திருந்தால் பிலோவுக்கு ஒரு வருஷம்கூடப் பரிசு கிடைத்திருக்காது. கடைசியில் ஒரு கிளார்க் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து, நடத்துவது சங்கமா, டிரஸ்டா, கம்பெனியா என்று கேட்டார். தெரு என்றேன்.

"தெருன்னு போட்டா சிஸ்டம் எடுத்துக்காது மேடம். ரிஜிஸ்டர் நம்பர் கேக்கும்."

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று தெரு தள்ளி யாருடைய பிறந்தநாளுக்கோ ரோட்டை அடைத்து மேடை போட்டிருக்கிறார்களே, அவர்கள் எந்தச் சங்கம் என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளார்க் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, "அத ஏன் மேடம் என்கிட்ட கேக்குறீங்க" என்றார். நியாயம்தான். யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லவில்லை. பாவப்பட்டு, பேப்பரில் எழுதித் தபால் பிரிவில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். நிகழ்ச்சி நடக்கும் இடம் என்ற வரியில் பிலோ வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன். வேறு எதை எழுதுவேன்?

பொங்கல் வந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் பிலோ சைக்கிளோடு வெளியே வந்துவிட்டாள். தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். பார்க்க நான் ஒருத்தி, மருமகளைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியின் மனைவி, அவ்வளவுதான். புடவையைக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு ஏறினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முட்டியோடு, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், பழையபடியே நின்றாள். பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "பப்ளிக் ரோடும்மா இது" என்றார். மறுபடியும் ஹாரன்.

பிலோ காலை ஊன்றினாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டாள். கார் போய்விட்டது. அந்த மாதக் கடைசியில் அவள் திருவான்மியூரில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்குப் போனாள். அடுத்த வாரமே வீட்டை இடித்துவிட்டார்கள்.

ஆடி மாதம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, கள ஆய்வில், குறிப்பிட்ட முகவரியில் வீடு ஏதும் காணப்படவில்லை. இரண்டு தடவை படித்தேன். வீடு நின்றபோது எட்டிப்பார்க்க ஆளில்லை. மண்மேடான பிறகு ஒருவர் வேலை மெனக்கெட்டு வந்து, கதவு எண்ணைத் தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் நின்ற இடம் எங்கள் எல்லைக்கோடாகத்தான் இருக்க வேண்டும்.

பிலோவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், சேர்ந்து திட்டலாம் என்று வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தப் பழைய கேட்டாவது இருக்காடி?" என்றாள்.